உடற்பருமனும் உணவடக்கமும்: நுண்ணுயிர் மருந்து எழுப்பும் அறவினா

உடம்பு வேறு, உயிர் வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டைத் தெளிதலே நற்காட்சியின் தொடக்கம் என்பது நம் ஆசிரியர்கள் வழிவழியாக உணர்த்திவரும் மெய்ம்மையாகும். ஆயினும் அன்றாட வாழ்வில் ஒருவரை மதிப்பிடப் புகும்போது நாம் முதற்கண் நோக்குவது அவர்தம் உடம்பையே. மெலிந்த மேனியரைக் கண்டால் அடக்கமுடையவர் என்கிறோம். பருத்த மேனியரைக் கண்டால், நாவை அடக்கத் தெரியாதவர் என்று, வாயாற் சொல்லாவிடினும், மனத்தால் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் முறையானதுதானா என்னும் வினாவை அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சி புதியதொரு வகையில் நம்முன் நிறுத்தியுள்ளது. நம் குடலினுள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியே அது.

'புரோபயாடிக்' என்னும் சொல்லை இன்று மருந்துக் கடைகளிலும் பால்பொருள் விற்பனையகங்களிலும் காண்கிறோம். நலந்தரும் நுண்ணுயிர்களை உயிரோடு உட்கொள்ளும் முறை இது. வயிற்றுப்போக்கு முதலியவற்றுக்கு வழங்கிவந்த இம்முறை உடற்பருமனையும் குறைக்கும் என்று சிலர் கூறத் தொடங்கியுள்ளனர். இச்செய்தி மற்றையோருக்கு மருத்துவச் செய்தி மட்டுமே. கொல்லாமையையும் உணவடக்கத்தையும் வாழ்வின் இரு கண்களாகப் போற்றும் நம் குடும்பங்களுக்கோ இது மூன்று வினாக்களை எழுப்புகிறது. இம்மருந்து மெய்யாகவே பயன் தருமா? கோடிக்கணக்கான சிற்றுயிர்களை ஒரே விழுங்கில் உட்கொள்ளுதல் நமக்குத் தகுமா? மருந்தினால் மெலிய இயலுமாயின், முன்னோர் வகுத்த உணவு நோன்புகளுக்கு இனி என்ன பொருள்? இவற்றை ஒவ்வொன்றாகச் சிந்திப்போம்.

தயிர்க் கலயத்திலிருந்து மாத்திரை வரை

தயிரின் நற்பயனை அறிவியல் நோக்கில் முதலில் ஆராய்ந்தோருள் ஒருவர் உருசியப் பேரரசிற் பிறந்த இலியா மெச்னிகோவ். பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய இவர், உடலின் நோயெதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பல்கேரிய நாட்டு உழவர்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு அவர்கள் நாள்தோறும் உண்ணும் புளித்த பாலே காரணமாகலாம் என்று இவர் கருதினார். அப்புளித்த பாலில் உள்ள நுண்ணுயிரை 1905ஆம் ஆண்டில் பல்கேரிய மருத்துவர் ஸ்தாமென் கிரிகோரோவ் இனங்கண்டிருந்தார். 2001ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு இதற்கொரு வரையறை வகுத்தது. உயிருள்ளதாயிருத்தல், போதிய அளவில் உட்கொள்ளப்படுதல், உட்கொண்டார்க்கு நலம் விளைத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் ஒன்றைப் புரோபயாடிக் எனலாம் என்பது அதன் சாரம்.

இவ்வரையறையின்படி, வீட்டில் உறையூற்றிய தயிரெல்லாம் புரோபயாடிக் ஆகிவிடாது. அதிலும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உள. ஆனால் எவ்வினம், எவ்வளவு, இரைப்பையின் அமிலத்தைக் கடந்து குடலை அடைவன எத்தனை என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். மருந்தாகத் தருவதோ, பெயர் அறியப்பட்ட ஓரினத்தை எண்ணி அளந்து தருவது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் நலம். தயிர் நல்லுணவு, ஆனால் அது பருமனுக்கு மருந்தென்று மெய்ப்பிக்கப்பட்டதில்லை.

ஆராய்ச்சி கூறுவது யாது?

ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள ஒரு மனித உடலில் 30 லட்சம் கோடி மனித உயிரணுக்களும், 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் உள்ளன என்று 2016ஆம் ஆண்டில் இஸ்ரேல், கனடா நாட்டு அறிஞர்கள் கணக்கிட்டனர். பாக்டீரியாக்களிற் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்வன. அவற்றின் மொத்த எடையோ கால் கிலோவுக்கும் குறைவு. 'நான்' என்று நாம் சுட்டும் இவ்வுடம்பு எண்ணிறந்த பிறவுயிர்களின் உறைவிடம் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

இந்நுண்ணுயிர்களுக்கும் உடற்கொழுப்புக்கும் தொடர்புண்டு என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் என்பாரின் ஆய்வுக்குழு வெளிப்படுத்தியது. பிறந்தது முதல் எந்நுண்ணுயிரும் அணுகாவண்ணம் வளர்க்கப்பட்ட எலிகளுக்குள், இயல்பாக வளர்ந்த எலிகளின் குடல்நுண்ணுயிர்கள் செலுத்தப்பட்டன. அவை முன்னினும் குறைவாகவே உண்டன. ஆயினும் 14 நாட்களில் அவற்றின் உடற்கொழுப்பு 60 விழுக்காடு மிகுந்தது. இது 2004ஆம் ஆண்டில் வெளியான முடிவு. 2006இல், பருத்த எலியின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலி, மெலிந்த எலியின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலியைவிட மிகுதியாகக் கொழுப்பேறியதைக் கண்டனர்.

2013ஆம் ஆண்டு ஆய்வு நம் சிந்தனைக்கு இன்னும் நெருக்கமானது. இரட்டையராய்ப் பிறந்து, ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த பெண்களின் குடல்நுண்ணுயிர்களை எலிகளுக்குள் செலுத்தினர். பருத்த பெண்ணின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் பருத்தன. அவ்விருவகை எலிகளையும் ஒரே கூண்டில் வைத்தபோது, மெலிந்தவற்றின் நுண்ணுயிர்கள் மற்றவற்றுள்ளும் குடியேறிப் பருமனைத் தடுத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்து காய்கனிகள் மிகுந்த உணவு அளிக்கப்பட்டபோது மட்டுமே இந்நன்மை விளைந்தது. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த உணவு அளித்தபோது நல்ல நுண்ணுயிரால் காக்க இயலவில்லை. நல்ல துணை வாய்த்தாலும் உணவு தீயதாயின் பயனில்லை என்பது இதன் பாடம்.

எலியிற் கண்டது மனிதர்க்கு அப்படியே பொருந்தும் எனல் இயலாது. ஜப்பான் நாட்டில் வயிற்றுக்கொழுப்பு மிகுந்த 87 பேருக்கு 12 வாரம் புளித்த பால் கொடுத்துப் பார்த்தனர். லாக்டோபேசில்லஸ் காசெரி என்னும் நுண்ணுயிரின் ஒருவகை கலந்த பாலை உண்டவர்களுக்கு உள்வயிற்றுக் கொழுப்பின் பரப்பு 4.6 விழுக்காடு குறைந்ததாக 2010இல் அறிவித்தனர். 210 பேரைக் கொண்டு பின்னர் நிகழ்ந்த ஆய்விலும் குறைவு காணப்பட்டது. ஆனால் உண்பதை நிறுத்திய 4 வாரங்களில் அப்பயன் தேயத் தொடங்கியது. இத்தகைய 15 ஆய்வுகளை, மொத்தம் 957 பேரை உள்ளடக்கியவற்றை, ஒருங்கு தொகுத்து 2018இல் வெளியான மதிப்பீட்டின்படி, 3 முதல் 12 வாரங்களில் மருந்தற்ற மாத்திரையை உண்டோரைவிட நுண்ணுயிர் உண்டோர்க்குக் கூடுதலாகக் குறைந்த எடை சராசரி 600 கிராம்.

600 கிராம்! 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே முதல் வினாவுக்கு விடை இதுதான்: இவ்வாராய்ச்சி உண்மையானது, நம்பிக்கை தருவது, ஆனால் விளம்பரம் கூறும் அளவுக்கு முதிர்ந்ததன்று. ஒரே நுண்ணுயிர் ஒருவர் குடலில் தங்குவதும் மற்றொருவர் குடலில் தங்காது வெளியேறுவதும் உண்டு என இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆய்வகத்தார் 2018இல் காட்டியுள்ளனர்.

பருமன் யாருடைய குற்றம்?

மருந்தின் பயன் சிறிதாயினும், அவ்வாராய்ச்சி தரும் அறிவின் பயன் பெரிது. இருவர் ஒரே உணவை ஒரே அளவில் உண்டும் ஒருவர் பருக்கலாம், ஒருவர் மெலிந்தே இருக்கலாம் என்பதை அது உறுதிப்படுத்துகிறது. குடிவழி, தூக்கம், உட்கொள்ளும் மருந்துகள், சுரப்பிகளின் நிலை, குடல்நுண்ணுயிர்கள் எனப் பல காரணங்கள் ஒன்றுகூடி எடையை வகுக்கின்றன. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை உடையவர்கள். இத்தனை பேரும் ஒரே தலைமுறையில் ஒழுக்கம் குன்றிவிட்டனர் என்று கொள்வது அறிவுடைமையாகாது. எண்ணெயும் சர்க்கரையும் மலிந்து, நடையும் உடலுழைப்பும் அருகிய காலத்தின் விளைவும் அதனுட் கலந்துள்ளது.

நம் கருமக் கோட்பாட்டின் கண்கொண்டு நோக்கினும் இத்தெளிவு கிட்டும். எண்வினைகளுள் உடலின் அமைப்பையும் வடிவையும் வகுப்பது நாமகருமம். இன்ப துன்ப நுகர்ச்சியைத் தருவது வேதனீயம். பற்றையும் வெறுப்பையும் ஊட்டி உயிரை மயக்குவது மோகனீயம். நாச்சுவையில் வைத்த பற்று மோகனீயத்தின் செயல். உடம்பின் பருமையும் மென்மையும் நாமகருமத்தின் எல்லைக்குள் வருவன. பசியின் துன்பம் வேதனீயத்தைச் சார்ந்தது. ஒருவர் உடம்பைக் கண்டு அவர்தம் மோகனீயத்தை அளக்க முயல்வது, வீட்டின் சுவரைக் கண்டு உள்ளிருப்பவரின் குணத்தைக் கூற முயல்வது போன்றதே. ஒல்லியான பேருண்டியாளரும் உளர். பருத்த நோன்பாளரும் உளர்.

ஆசாரியர் சமந்தபத்திரரின் வரலாறாக நம் மரபு கூறும் ஒரு செய்தியை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். காஞ்சி மாநகருடன் தொடர்புடையவராகப் போற்றப்படும் அப்பெருந்தகைக்குப் பஸ்மகம் என்னும் நோய் வந்துற்றது. எவ்வளவு உண்டாலும் எரிந்து நீறாகித் தீராப் பசியை மூட்டும் நோய் அது. துறவொழுக்கத்துக்குக் குறை நேராவண்ணம் சல்லேகனை ஏற்று உயிர்துறக்க அவர் தம் குருவிடம் இசைவு வேண்டினார். குருவோ இசையவில்லை. இவரால் உலகுக்கு ஆகவேண்டிய அறப்பணி மிகுதி என்றுணர்ந்து, துறவுக்கோலத்தைச் சிலகாலம் நீக்கி, வயிறார உண்டு நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் துறவேற்குமாறு பணித்தார். அவ்வாறே நோய் தணிந்து மீண்டும் தீட்சை பெற்றார் என்பர். இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்கும் இரத்தினகரண்டக சிராவகாசாரம் அவர் அருளியது.

அந்தக் குரு செய்தது யாது? அளவிறந்து உண்ணும் ஒருவரைக் கண்டு ஒழுக்கம் குன்றியவர் என்று அவர் இகழவில்லை. நோயை நோயென்று கண்டார். அதற்குரிய மருந்தை நாடச் சொன்னார். மருந்து முடிந்தபின் தவத்துக்கு மீளச் சொன்னார். நோய்க்கு மருந்து, உயிருக்குத் தவம் என்று இரண்டையும் பிரித்துக் காட்டிய அந்நுண்ணறிவே இக்கட்டுரையின் உயிர்நாடி.

நம் திருக்கோயில் விழாக்களிலும் மணவீடுகளிலும் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கணக்கில் ஒருவேளை உணவு நோன்பை ஏற்று, கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத அம்மையாரைப் பார்த்து, "இவ்வளவு விரதமிருந்தும் உடம்பு இளைக்கவில்லையே!" என்று நகைப்போர் உளர். பெண் பார்க்கச் சென்ற இடத்தில் பெண்ணின் கல்வியையும் குணத்தையும் கேளாமல் எடையைக் கேட்போரும் உளர். ஓரறிவுயிருக்கும் இரங்கும் நாம் ஐயறிவும் மனமும் உடைய உயிரின் உள்ளத்தைப் புண்படுத்துவது எவ்வகை அறம்? மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் இன்னா செய்யாமையே கொல்லாமையின் முழுவடிவம். மொழியால் நிகழும் இத்தகைய இம்சைக்குக் கழுவாய் எந்நோன்பிலும் எளிதிற் கிட்டாது.

விழுங்கப்படும் உயிர்களும் கொல்லாமையும்

இனி இரண்டாம் வினா. கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் எங்கும் நிறைந்துள என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஓரறிவுயிர்களுள்ளும் மிக நுண்ணியவாய், ஒரே உடலை எண்ணிறந்தவை பகிர்ந்து வாழ்வனவாய் நிகோத உயிர்களை நம் ஆகமங்கள் கூறுகின்றன. பாக்டீரியாவும் நிகோதமும் ஒன்றே என்று எழுதிவிடுவோர் உளர். அவ்வளவு எளிதாக இரண்டையும் ஒன்றாக்குதல் ஆகமத்துக்கும் அறிவியலுக்கும் நீதியாகாது. உயிருள்ளது, நுண்ணியது, காக்கப்படவேண்டியது என்னும் அளவில் இரண்டும் ஒக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இம்சையின் இலக்கணத்தை வகுத்த நம் ஆசிரியர்கள் உயிர் நீங்குதலை மட்டும் அதற்கு அளவுகோலாகக் கொள்ளவில்லை. பற்று, வெறுப்பு, விழிப்பின்மை ஆகியவற்றால் தூண்டப்பட்ட மனமொழிமெய்களின் இயக்கமே அதன் வேர் என்றனர். மேலும் இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நால்வகையாகப் பிரித்தனர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது, சமைத்தல் முதலிய இல்லறப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பன அவை. முதலாவதை அறவே விலக்குதலும் ஏனைய மூன்றை இயன்றவரை குறைத்தலும் இல்லறத்தார் கடமை. நோய் தீர்க்கும் நோக்கோடு நுண்ணுயிர் மருந்தை உட்கொள்ளுதல் கொல்லும் எண்ணத்தின்பாற் படாது. அவை குடலில் வாழவேண்டும் என்பதே உட்கொள்வோர் விருப்பம். உறையூற்றிய தயிரை உண்ணும் இல்லறத்தார் அளவான நுண்ணுயிர் மருந்தை உண்பதில் புதிய குற்றம் எதுவும் தோன்றிவிடவில்லை.

ஆயினும் கேள்வி இத்துடன் முடியவில்லை. குணவிரதங்களுள் அநர்த்ததண்ட விரதம் என ஒன்றுண்டு. பயனற்ற தீச்செயலினின்று நீங்குதலே அது. காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை வாரியிறைத்தல், மரஞ்செடிகளைக் கிள்ளியெறிதல் போன்றவை ஓரறிவுயிர்க்குச் செய்யும் தீங்கேயாயினும், பயனின்றிச் செய்தலால் விலக்கத்தக்கவை. இல்லறத்தார் ஒழுக்கத்தைக் குறள்வெண்பாக்களால் கூறும் நம் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தைப் பேசுகிறது. இதனை உரைகல்லாகக் கொண்டால், "இம்மருந்து பயன் தருமா?" என்னும் மருத்துவ வினாவே நமக்கு அறவினாவாகவும் ஆகிவிடுகிறது. பயனுண்டு என்று தெரிந்து, மருத்துவர் கூற, நோய்க்காக உண்பது ஒன்று. விளம்பரத்தை நம்பி, அழகுக்காக, மாதந்தோறும் புட்டி புட்டியாக விழுங்குவது மற்றொன்று. முன்னையது இல்லறத்தார்க்கு இசைந்தது. பின்னையது பயனில் தீங்கு.

வேறு இரண்டு செய்திகளையும் நம் குடும்பங்கள் கருதவேண்டும். மாத்திரையின் மேலுறை பல நேரங்களில் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. மரவழிப் பொருள்களால் ஆன உறைகளும் கிடைக்கின்றன. நுண்ணுயிர் வளர்க்கப்பட்ட ஊட்டப்பொருளிலும் விலங்குப் பொருள் கலந்திருக்கலாம். கேட்டறிந்து வாங்குதல் நம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். உள்ளிருக்கும் ஓரறிவுயிர்க்காக நெஞ்சம் நடுங்கிவிட்டு, வெளியுறையில் கலந்த ஐயறிவுயிரின் எலும்பை மறந்துவிடுதல் முரண்பாடன்றோ?

இன்னொன்று, இவ்வறிவு எவ்வாறு பெறப்பட்டது என்பது. மேற்கூறிய ஆராய்ச்சிகளுக்கென மூடிய அறைகளில் பிறந்து, அவ்வறைக்குள்ளேயே வளர்ந்து, ஆய்வின் முடிவில் கொல்லப்பட்ட எலிகள் பல. அவற்றுக்கும் வாழும் வேட்கை உண்டு. அவ்வழியை நாம் ஏற்க இயலாது. பெற்றுவிட்ட அறிவை அறியாதது போல நடிப்பதும் நேர்மையன்று. அத்துணை உயிர்களின் விலையில் வந்த அறிவைக் கேளிக்கைப் பண்டமாக்காமல், துன்புறுவோர் துயர்துடைக்க மட்டும் கொள்வதும், உயிர்வதையற்ற ஆய்வுமுறைகள் பெருக வேண்டுமென்று குரல்கொடுப்பதுமே நாம் செய்யத்தக்கது.

இறந்த நுண்ணுயிரின் புதிர்

அண்மையில் தோன்றியுள்ள ஒரு புதிரையும் இங்குக் காண்போம். நெதர்லாந்து நாட்டு வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் 2004இல் அக்கர்மான்சியா என்னும் குடல்நுண்ணுயிரை விவரித்தனர். குடற்சுவரின் வழுவழுப்புப் படலத்தில் வாழும் இது பருத்தவர்களிடம் குறைந்து காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டின. பெல்ஜிய நாட்டில் மிகை எடையுடையோர் 40 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. ஒரு சாரார்க்கு நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அக்கர்மான்சியாக்களை உயிரோடு கொடுத்தனர். மற்றொரு சாரார்க்கு 70 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து உயிர்நீக்கியவற்றைக் கொடுத்தனர். 3 மாதங்களை நிறைவு செய்தோர் 32 பேர். இன்சுலின் நன்கு செயற்படுதல் முதலிய நன்மைகள் உயிர்நீக்கியதை உண்டோரிடமே தெளிவாகக் காணப்பட்டன. எடையும் அவர்களுக்குச் சற்றுக் குறைந்தது. ஆனால் அக்குறைவு தற்செயலானதன்று என்று உறுதிகூறும் அளவுக்கு இல்லை.

உயிரோடு உண்பது மேலா, உயிர்நீக்கி உண்பது மேலா? முன்னதில் அவை வாழக்கூடும். பின்னதிலோ ஆயிரம் கோடி உயிர்களை வேண்டுமென்றே வளர்த்து, வேண்டுமென்றே அழித்துத் தருகின்றனர். உணவாகும் பொருளை உயிரற்றதாக்கி உண்ணுதல், அதாவது நீரைக் காய்ச்சிப் பருகுதல் போன்றது, நம் மரபில் உயர்ந்த ஒழுக்கமாகவே மதிக்கப்படுகிறது. காய்ச்சிய நீரில் உயிர்கள் தொடர்ந்து பெருகாமையும், நாவின்பத்துக்காக நுகரும் மனப்பாங்கு குறைதலும் அதன் நோக்கங்கள். அந்நோக்கில் பின்னதை விலக்கவேண்டும் என்பதற்கில்லை. ஆனால் காய்ச்சிய நீர் இருக்கும் நீரைப் பருகுவது. இதுவோ அழிப்பதற்கென்றே உயிர்களைப் பெருக்குவது. ஆதலின் இதற்கு நாம் வேண்டும் காரணமும் அத்துணை வலியதாக இருக்கவேண்டும். நீரிழிவின் வாயிலில் நிற்பவர்க்கு அது வலிய காரணமாகலாம். ஆடை பொருந்தவில்லை என்பது வலிய காரணமாகாது.

தவம் மருந்தன்று, மருந்து தவமன்று

மூன்றாம் வினாவே ஆழமானது. புறத்தவம் ஆறனுள் முதல் நான்கும் உணவைச் சார்ந்தவை. உண்ணாமை, வயிறு நிறையாமல் உண்ணுதலாகிய அவமோதரியம், உணவு பெறும் வகையை வரையறுத்தல், சுவைப்பொருள்களைத் துறத்தல் என்பன அவை. முழு உணவென்பது ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் என்று பழைய கணக்கொன்று உண்டு. அதிலிருந்து ஒரு கவளம் குறைத்தாலும் அது அவமோதரியமே. ஒரு கவளம் குறைத்தால் எடை எவ்வளவு குறையும்? ஒன்றும் குறையாது. ஆயினும் அது தவம். ஏனெனில் கை வாய்க்கு எடுத்துச் செல்லும் கவளத்தை, "போதும்" என்று நிறுத்தும் அந்நொடியில் உயிர் தன் உரிமையை மீட்டுக்கொள்கிறது.

சுவைத்துறவில் துறக்கத்தக்கனவாகக் கூறப்படும் ஆறும் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவை. எந்தத் தயிரை இன்று மருந்தென்று கொண்டாடுகிறோமோ அந்தத் தயிரே இப்பட்டியலில் இருப்பதைக் காண்க. தயிர் தீயது என்பதால் அன்று அதைத் துறக்கச் சொன்னது. நல்லது, இனியது, எளிதிற் கிடைப்பது. அதன்மேல் வைத்த பற்றைத் துறக்கவே அதைத் துறக்கச் சொன்னார்கள். உடலுக்குத் தீயதை விடுதல் எல்லாரும் செய்வது. உடலுக்கு நல்லதையும் சிலபோது விடத் துணிதலே தவம்.

இதனால் புலப்படுவது யாதெனின், உணவடக்கத்தின் குறிக்கோள் ஒருபோதும் மெலிவாக இருந்ததில்லை. நாளை ஆராய்ச்சி வென்று, ஒரே மாத்திரையால் யாவரும் மெலியலாம் என்னும் நிலை வரினும், அவமோதரியத்தின் தேவை அணுவளவும் குறையாது. மாத்திரை கொழுப்பைக் கரைக்கலாம்; வேட்கையைக் கரைக்காது. மெலிந்தபின் இன்னும் மிகுதியாக உண்ணலாம் என்று மகிழும் மனம் முன்னினும் பருத்த மனமே. இன்று சில நோன்புகளை, "எடை குறையும், அழகு கூடும்" என்று பரிந்துரைப்போரும் பெருகி வருகின்றனர். தசலட்சண நாட்களில் உண்ணாநோன்பு ஏற்று நாள்தோறும் எடைக்கருவியின்மேல் ஏறி நிற்கும் இளைஞரையும் காண்கிறோம். நோன்பை எடைக்கருவியால் அளக்கத் தொடங்கினால், எடை குறையாத நாளில் நோன்பும் பொருளற்றதாகிவிடும். இரவுண்ணாமைக்கும் இது பொருந்தும். காலம் வரையறுத்து உண்பதால் உடலுக்கு நன்மை விளையுமா என்று ஆய்வோர் ஆய்க. முடிவு எவ்வாறாயினும் நம் இரவுண்ணாமை அதனைச் சார்ந்து நிற்பதன்று. இருளில் சிற்றுயிர்கள் மடிவதைத் தவிர்க்கும் அருளில் நிற்பது.

மறுதலையும் உண்மை. தவம் மருந்தாகாது. பருமனால் மூட்டுவலியோ நீரிழிவோ இதயநோயோ உற்றவரிடம் "விரதமிருந்தால் போதும்" என்று கூறி மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுப்பது கொடுமை. அவர் நோயாளி, மருந்துக்கு உரியவர். நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது நெடும்பட்டினி கிடத்தல் உயிருக்கே ஊறு விளைக்கும். மிகை நோயுற்று நோயெதிர்ப்பு குன்றியவர்க்கும், குறைமாதக் குழவிகளுக்கும் நுண்ணுயிர் மருந்தே தீங்காதலும் உண்டு. இவற்றையெல்லாம் தெளிந்த மருத்துவர் வழியே செய்தல் நலம்.

இல்லறத்தார்க்கு எளிய நெறியொன்று உண்டு. புதிய நுண்ணுயிரை விலைகொடுத்து வாங்குமுன், நம்முள் முன்னரே குடியிருப்பனவற்றைப் பேணுவோம். அவற்றின் உணவு நார்ச்சத்து. கேழ்வரகும் சாமையும் வரகும், கீரையும் அவரையும், தோல்நீக்காத பயறும் நம் ஊர்களில் என்றும் விளைவன. வெண்ணிற அரிசியும் மைதாவும் எண்ணெய்ப் பலகாரமும் ஆட்சிபுரியும் இன்றைய விருந்துகளில் இவற்றுக்கு மீண்டும் இடமளிப்போம். விருந்தினர் வேண்டாவென்று கைகாட்டிய பின்னும் இலையில் இனிப்பை வைத்து வற்புறுத்தும் வழக்கத்தைக் கைவிடுவோம். அவர்தம் ஒரு கவள நோன்பைக் கெடுப்பதும் நம் கணக்கிலேயே சேரும்.

சாவக நன்மக்களே! பருமன் பாவமன்று, மெலிவு புண்ணியமன்று. உடம்புக்கு வந்த நோயை இரக்கத்தோடு நோக்கி மருந்து தருவோம். உயிருக்கு வந்த நோயாகிய வேட்கையை விழிப்போடு நோக்கித் தவம் ஏற்போம். பருத்தவரும் மெலிந்தவரும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒருவரையொருவர் அளவாது, தத்தம் இலையில் ஒரு கவளத்தைக் குறைத்து எழுவாராயின், அப்பந்தியில் அறம் அமர்ந்து உண்டது என்று கொள்ளலாம். அத்தகைய பந்திகள் நம் இல்லந்தோறும் பெருகுவனவாக.